உப்பு வழியும் கற்பிட்டிக் கோட்டையும்

மலைநாட்டில் நெல் விளையும். பாக்கும் மிளகும் ஏலமும் விளையும். காட்டிலே தேனும் மெழுகும் கிடைக்கும். உப்பு மட்டும் விளையாது. கண்டி அரசு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தன் மலைகளையும் காடுகளையும் அரணாகக் கொண்டு அந்நியரை எதிர்த்து நின்றது. ஆயினும் அவ்வரசின் குடிமகன் ஒருவன் தன் சோற்றில் இடும் உப்புக்கும், அதனோடு உண்ணும் கருவாட்டுக்கும், இடையில் உடுக்கும் துணிக்கும் கடற்கரையையே எதிர்பார்த்திருந்தான். மலையரசின் படையை வெல்ல இயலாதவர்களும் அதன் உப்பை மறிக்க இயலும் என்பதைக் கண்டுகொண்டார்கள். புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் ஆற்று முகங்களிலும் களப்பின் வாயிலிலும் கோட்டைகள் எழுந்தமைக்கு இதுவே முதற் காரணம் எனலாம்.

விடுமுறை நாளொன்றில் பழங்கோட்டை பார்க்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் காலிக்குச் செல்கிறார்கள். அல்லது யாழ்ப்பாணத்துக்குச் செல்கிறார்கள். புத்தளக் கரையோ அனுராதபுரத்துக்குப் போகும் வழியில் பஸ் வண்டியின் சாளரத்தினூடாகக் கண்டு கழிக்கப்படும் கரையாகவே பலருக்கு இருந்துவருகிறது. அங்குள்ள கோட்டைகள் சிறியவை என்பது உண்மை. சில மண்ணோடு மண்ணாகிவிட்டன என்பதும் உண்மை. ஆனால் கோட்டையை மதிலின் உயரத்தால் அளப்பவர் அதன் பயனை அறியார். ஒரு பூட்டின் பருமன் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அது எந்தக் கதவில் தொங்குகிறது என்பதே கேள்வி. ஆகவே இக்கரைக்குச் செல்பவர் நீரைப் பார்த்துக்கொண்டே செல்லல் வேண்டும். ஆறு எங்கே கடலோடு கலக்கிறது, களப்பு எங்கே வாய் திறக்கிறது, படகு எவ்வழியால் வரவேண்டியிருந்தது என்று பார்த்துச் செல்வதற்கு ஒரு பகல் போதும். ஆனால் அந்தப் பகலில் அவசரம் இருத்தலாகாது.

கொழும்பிலிருந்து விடியற்காலையில் வடக்கு நோக்கிப் புறப்படுபவர், கொச்சிக்கடைக்கு அப்பால் மகா ஓயாவின் பாலத்தைக் கடந்ததும் புத்தளம் மாவட்டத்தில் கால் வைக்கிறார். அங்கிருந்து சிலாபம் வரை தெங்குத் தோட்டங்களும், ஓட்டு வீடுகளும், ஊருக்கோர் உயர்ந்த கத்தோலிக்கத் தேவாலயமுமாக வழி நீளும். சிலாபம் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர். 1916ஆம் ஆண்டு முதல் புகையிரதமும் அங்கே செல்கிறது. முத்துக்குளித்தலைச் சலாபம் என்பது பழந்தமிழ் வழக்கு. அச்சொல்லே ஊர்ப் பெயராகிச் சிலாபம் எனத் திரிந்தது என்பர் பலர்.

மலைநாட்டின் வடமேற்குச் சரிவுகளில் தோன்றி, குருநாகற் பகுதியைக் கடந்து வரும் தெதுறு ஓயா இவ்வூருக்குச் சற்று வடக்கே கடலை அடைகிறது. ஆற்றின் கரையே மலைநாட்டுக்கு ஏறும் வழியாகவும் இருந்தமையால், சிலாபத்தைக் கையில் வைத்திருப்பவர் அவ்வழியின் அடியைக் கையில் வைத்திருந்தார். இங்கே இருந்தது கற்கோட்டையன்று, மண்கோட்டை. இப்போது தேடினால் கண்ணிற் படுவது எதுவும் இல்லை. ஆயினும் அதைப் பற்றி வழங்கும் செய்தியொன்று நினைக்கத்தக்கது. 1803ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் கண்டியின்மீது படையெடுத்துப் பெருந்தோல்வி அடைந்தபின், கண்டிப் படைகள் மலையிலிருந்து இறங்கிக் கரையோரக் காவல் நிலையங்களைத் தாக்கின. சிலாபத்து மண்கோட்டையில் இருந்தவர்களோ ஒரு சிறு கூட்டத்தினர். பீரங்கிக்கு இடும் இரவை தீர்ந்துபோகவே, அவர்கள் அரசாங்கப் பணப்பெட்டியிலிருந்த செப்புக்காசுகளை அள்ளிப் பீரங்கி வாயில் இட்டுச் சுட்டார்களாம். வரிப்பணம் இவ்வளவு நேராகச் செலவானது வேறெங்கும் உண்டோ, தெரியவில்லை.

சிலாபத்துக்கு வந்தவர் முன்னேசுவரத்தைக் காணாது செல்லலாகாது. அது நகருக்குக் கிழக்கே மிக அண்மையிலே உள்ளது. 1578ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் இத்திருக்கோயிலை இடித்தனர். 1753ஆம் ஆண்டிற் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அதனைப் புதுப்பித்துக் கொடுத்தான். மலைமேல் இருந்த மன்னன் ஒருவனின் கை கடற்கரைக் கோயிலொன்றுக்கு நீண்டது என்னும் செய்தி பக்திச் செய்தி மட்டுமன்று. கரையோரத்திலே தன் உரிமை இன்னும் மறையவில்லை என்று அவன் காட்டிக்கொண்ட குறிப்பும் அதில் இருக்கிறது.

சிலாபத்துக்கு வடக்கே வீதியின் மேற்புறமாகச் சில இடங்களில் ஒடுங்கிய நேரான நீரோடை ஒன்று தென்படும். இயற்கை ஆறு இவ்வாறு நூல் பிடித்தாற்போல் ஓடாது. அது ஒல்லாந்தர் கால்வாய். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் வழியாகப் புத்தளம் களப்பு வரை உள்ள களப்புகளையும் ஆற்று முகங்களையும் வாய்க்கால்களால் தொடுத்து, தட்டைப் படகுகள் பெருங்கடலின் அலையிற் படாமலே சென்றுவர அவர்கள் வழி செய்தார்கள். தங்கள் தாய்நாட்டில் கடலுக்கு அணை கட்டி, அணைக்குப் பின்னால் வயலும் ஊரும் அமைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். நீரைத் திருப்பவும் தடுக்கவும் பழகிய கை, இங்கே வந்தும் அதே வேலையைத்தான் செய்தது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது இக்கரையில் மரக்கலம் செலுத்துவது எளிதன்று என்பதை நினைத்தால், இந்த உள்நீர் வழியின் மதிப்பு விளங்கும். இன்று பெரும்பாலும் புல்லும் ஆகாயத் தாமரையும் மண்டிக் கிடக்கிறது. உடப்பு என்னும் பழந்தமிழ் மீனவக் கிராமத்துக்குத் திரும்பும் வழியும் இப்பகுதியில்தான் பிரிகிறது. ஆடி மாதத்துத் திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்பின்போது வருபவர்கள் அங்கே ஒரு நாளைத் தனியே ஒதுக்கிக்கொள்வது நல்லது.

வெயில் ஏறும் வேளையில் புத்தளம் வந்து சேரலாம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர். நகரின் மேற்கு எல்லையாகக் களப்பு விரிந்து கிடக்கிறது. வடக்கே மீ ஓயா வந்து கலக்கிறது. நகரத் தெருக்களில் கழுதைகள் தம்பாட்டுக்கு உலாவுவதைக் கண்டு புதியவர் வியப்பர். அரபு வணிகர் கொண்டுவந்தவை என்று ஊரார் சொல்லுவர். பொதி சுமந்த காலம் போய்விட்டது. கழுதைகள் மட்டும் ஓய்வூதியம் பெற்றவை போல் நடமாடுகின்றன.

கோட்டை என்றவுடன் ஐரோப்பியரை நினைப்பது நம்மவர் வழக்கம். புத்தளம் அந்த நினைப்பைத் திருத்தும். மொரொக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குச் செல்லப் புறப்பட்டு, காற்றினால் திசைமாறி, 1344ஆம் ஆண்டில் இக்கரையிலே வந்து இறங்கினார். அவர் பத்தாலா என்று குறிப்பிடும் நகரம் புத்தளமே என்பது அறிஞர் பலரின் கருத்து. அது சிறிய, அழகிய நகரம் என்றும், அதனைச் சுற்றி மரத்தாலான மதிலும் மரக் காவற் கோபுரங்களும் இருந்தன என்றும் அவர் எழுதிவைத்திருக்கிறார். ஆள்பவர் ஆரியச் சக்கரவர்த்தி. மன்னர் தம் முன் வைத்திருந்த முத்துக்களைக் காட்டி, இவற்றைப் போல் வேறெங்கும் கண்டதுண்டோ என வினவினார் என்றும், பாவாத மலைக்குச் செல்ல விரும்பிய பயணிக்குப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தனுப்பினார் என்றும் அறிகிறோம்.

அவர் எழுதியவற்றுள் இன்னொரு செய்தி கோட்டையையும் ஆற்றையும் ஒருங்கே விளக்குகிறது. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவியல் குவியலாகக் கிடந்தன என்றும், தென்னிந்திய வணிகர் அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்று, அதற்கு ஈடாக மன்னருக்குத் துணியும் பிறவும் அளித்தனர் என்றும் அவர் கூறுகிறார். கறுவா புத்தளத்து வறண்ட மண்ணில் விளையும் மரமன்று. உள்நாட்டின் பொருளைக் கரைக்குக் கொணர்ந்தது ஆறு. கரையில் நின்றவரே அதற்குத் துணி வாங்கினார். அந்த இடத்தைச் சுற்றி மரமதில் எழுந்தது இயல்பே. பின்வந்தவர்கள் மரத்துக்குப் பதில் கல்லை அடுக்கினார்களே தவிர, புதிதாக எதையும் கண்டுபிடித்தாரல்லர்.

இன்னும் பழமைக்குச் செல்ல விரும்புபவர், வடக்கே வில்பத்துக் காட்டின் கடற்புறத்தில் உள்ள குதிரைமலை முனையை நினைத்துக்கொள்ளலாம். உரோம ஆசிரியர் பிளினி, செங்கடற் பகுதியில் வரி தண்டும் உரிமை பெற்றிருந்த ஒருவரின் ஆள் காற்றில் அகப்பட்டு இலங்கைத் துறைமுகம் ஒன்றை அடைந்த கதையை எழுதும்போது குறிப்பிடும் ஹிப்புரோஸ் இதுவே எனக் கருதுவோர் உளர். ஒரே நாளில் அங்கும் சென்றுவர எண்ணுவது வீண்.

புத்தளத்தின் உண்மையான செல்வம் களப்பின் தென்பகுதியில் இருக்கிறது. இக்களப்பு 32,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்புடையது. பல இடங்களில் ஓர் ஆளின் உயரத்துக்கு மேல் நீர் இல்லை. கடலோடு அது கலக்கும் வாய் வடக்கே இருக்கிறது. நன்னீர் கொணரும் ஆறுகள் இரண்டு: கலா ஓயா, மீ ஓயா. கலா ஓயாவோ ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலாவெவ என்னும் பெருங்குளத்தைத் தாண்டி வருவது. மழை பெய்யும் மாதங்களில் இவ்வாறுகள் பெருகிக் களப்பின் உவர்ப்பைக் குறைக்கும். மழை நின்றதும் ஆறுகள் மெலியும். வெயிலும் காற்றும் நீரை உறிஞ்சும். கடல்நீர் வடக்கிலிருந்து தெற்கு வரை வந்து சேர்வதோ மெதுவாக நிகழும். இதனாற் களப்பின் தென்கோடி நீர் கடல்நீரைவிட உவர்ப்பு மிகுந்ததாகிவிடுகிறது. உப்பு விளைவிப்பவன் செய்யவேண்டிய வேலையில் ஒரு பங்கை இயற்கையே செய்து வைத்துவிடுகிறது என்க. புத்தளத்திலும் பாலாவியிலும் உப்பளங்கள் அமைந்தது இக்காரணம் பற்றியே.

உப்பளத்தைக் கண்டிராதவர்களுக்காகச் சிறிது சொல்லலாம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அந்நீரை ஆழமில்லாத பெரும் பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் விடுவர். ஒரு பாத்தியில் ஓரளவு வற்றியதும் அடுத்த பாத்திக்குத் திருப்புவர். முதலிலே படிவது சுண்ணச்சத்துள்ள ஜிப்சம். அது முன்னைய பாத்திகளிலேயே தங்கிவிடவேண்டும். கடைசிப் பாத்தியிலேதான் கறியுப்பு பளிங்குபோற் பூக்கும். அதன்பின் எஞ்சும் நீர் கசப்பானது. அதையும் வற்றவிட்டால் உப்பே கசந்துபோகும்; ஆகையால் காலம் அறிந்து அதனை வடித்துவிடுவர். பிறகு வாரிக் குவித்து, குவியலின்மேல் கிடுகு வேய்ந்து மழையிலிருந்து காப்பர். தூரத்திலிருந்து பார்த்தால் வரிசையாகக் கட்டிய சிறு குடில்கள் போலத் தோன்றும். இடையில் ஒரு மழை பெய்துவிட்டால் பல வாரத்து உழைப்பு கரைந்து போவதும் உண்டு.

இந்த உப்புத்தான் பொதிமாடுகளின் முதுகில் ஏறிக் குருநாகல் வழியாக மலைநாட்டுக்குச் சென்றது. தவளம் எனப்படும் அம்மாட்டுக் கூட்டங்களை நடத்தியவருள் முஸ்லிம் வணிகர் பலர். போகும்போது உப்பும் கருவாடும் துணியும், வரும்போது பாக்கு. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் நாட்டிலே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிற் புத்தளத்தை மன்னனின் உப்புக்கும் மீனுக்கும் உரிய துறையாகக் குறிப்பிடுகிறார். அதனோடு, படகுகள் உள்ளே வராதபடி தடுப்பதற்கு ஒல்லாந்தர் முனையிலே கோட்டையொன்று வைத்திருந்ததையும் குறிப்பிடத் தவறவில்லை. மலைக்குள் அடைபட்டிருந்த ஒருவரின் காதுக்குங்கூட அந்தக் கோட்டையின் செய்தி எட்டியிருந்தது. பிற்பகற் பயணம் அந்த முனையை நோக்கியே.

புத்தளத்திலிருந்து தெற்கே சில கிலோமீற்றர் திரும்பி வந்து, பாலாவிச் சந்தியில் மேற்கே பிரியும் வீதியைப் பிடிக்கவேண்டும். அங்கிருந்து கற்பிட்டி ஏறத்தாழ 40 கிலோமீற்றர். வலப்புறம் களப்பு, இடப்புறம் பெருங்கடல். இடையிலே மணற்பாங்கான ஒடுங்கிய நிலநாக்கு. வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் அம்மணலில் செழிப்பாக விளைகின்றன. நுரைச்சோலையில், 2011ஆம் ஆண்டிலே முதற்பகுதி இயங்கத் தொடங்கிய நிலக்கரி அனல் மின்னிலையத்தின் புகைபோக்கி நெடுந்தூரம் தெரியும். தலவில் புனித அன்னம்மாள் திருத்தலமும் இவ்வழியிலேயே உள்ளது. திருவிழா நாட்களில் வீதியிற் கால் வைக்க இடமிராது.

கற்பிட்டியை அடைந்து கோட்டையைத் தேடுபவர் முதலிலே சிறிது ஏமாற்றம் அடைவர். கடலைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் கோட்டையை அவர் எதிர்பார்த்திருப்பார். இதுவோ பெருங்கடலுக்கு முதுகு காட்டி, நிலநாக்கின் உட்புறத்தே, களப்பின் கரையில் அமைதியாக அமர்ந்திருக்கிறது. இங்கேதான் சற்று நின்று சிந்திக்க வேண்டும். களப்பின் வாய் வடக்கே என்று முன்பு கண்டோம். இந்தியக் கரையிலிருந்து துணியும் அரிசியும் ஏற்றிவரும் தோணி அவ்வாயினுள் நுழைந்து புத்தளம் செல்லவேண்டுமாயின், இந்த முனையைக் கடந்தே தீரவேண்டும். ஆழமற்ற களப்பிலே நினைத்த இடத்தால் ஓட முடியாது. ஓடக்கூடிய வழியைப் பார்த்தபடி பீரங்கி இருந்தது. கடலிலிருந்து வரும் பகைவனை விரட்டுவதற்காக எழுந்த கோட்டையன்று இது. உள்ளே இருக்கும் நண்பனைக் கட்டிவைப்பதற்காக எழுந்தது. ஏனெனில் அப்போது கண்டி மன்னன் ஒல்லாந்தருக்கு, பெயரளவிலேனும், நண்பனே.

1638ஆம் ஆண்டிலே இராசசிங்கன் போர்த்துக்கேயரை ஓட்டுவதற்காக ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்துகொண்டான். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் விழுந்தன. ஆனால் கைப்பற்றிய கோட்டைகளை மன்னனிடம் ஒப்படைப்பதற்கு ஒல்லாந்தர் மனங்கொள்ளவில்லை. செலவுக் கணக்கு ஒன்றை நீட்டி, அது தீரும்வரை கோட்டைகள் எங்களிடம் இருக்கும் என்றார்கள். 1659இற் கற்பிட்டியும் அவர்கள் கைக்கு வந்தது. ரைக்லொப் வான் கூன்ஸ் ஆளுநராக இருந்த காலத்திலே, மன்னனின் வணிகம் செல்லும் துறைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடைப்பதே அவர்கள் கொள்கையாயிற்று. கிழக்கே திருகோணமலையும் மட்டக்களப்பும், மேற்கே கற்பிட்டி. 1667ஆம் ஆண்டில் தொடங்கிய இக்கோட்டை 1676ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. போர்த்துக்கேயர் காலத்து அரணும் கிறித்தவ ஆலயமும் இருந்த இடத்திலேயே இது எழுந்தது.

கோட்டை கடற்படைத் தளத்தை ஒட்டி இருப்பதனால், வாயிலில் அனுமதி கேட்டு, அவர்கள் வழிகாட்ட உள்ளே செல்லுதல் வழக்கம். புறப்படுமுன் இதை விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. தூரம் வந்து வாயிலிற் காத்திருப்பதில் இன்பமில்லை. மதில் ஏறத்தாழ 4 மீற்றர் உயரம், மூலைகளிலே கொத்தளங்கள். மதிலை நெருங்கிப் பார்த்தால் அதன் கல்லிலே நுண்ணிய துளைகளும் வரிகளும் பூவேலை செய்தாற்போற் காணப்படும். அவை சிற்பியின் வேலையல்ல; கடலுயிர்களின் வேலை. முருகைக்கல்லைக் கடலடியிலிருந்து வெட்டி எடுத்து, முருகைக்கல்லையே சுட்டு நீறாக்கி, அந்தச் சுண்ணச் சாந்தினால் அடுக்கியிருக்கிறார்கள். வாயில் மட்டும் செங்கல்லால் ஆனது. உள்ளே கூரையிழந்த தேவாலயத்தின் சுவர்களும், தளபதியின் இல்லம், களஞ்சியம், சிறைக்கூடம் முதலியவற்றின் எச்சங்களும் உள்ளன. சுரங்கவழிகளின் வாய்களையும் காட்டுவார்கள். ஒன்று கடற்கரைக்கும் ஒன்று ஊரிலுள்ள ஒல்லாந்தர் தேவாலயத்துக்கும் சென்றது என்பர்; இப்போது அடைக்கப்பட்டுள்ளன. சிறுவர்கள் அதனருகே நின்று நகரமாட்டார்கள். பெரியவர்கள் அவர்களைக் கொத்தளத்தின்மேல் அழைத்துச் சென்று, களப்பின் வாயையும் படகு வரும் திசையையும் கையால் காட்டுவது அதைவிடப் பயனுடையது.

பூட்டு எவ்வாறு வேலை செய்தது என்பதையும் அறியவேண்டும். புத்தளம் கண்டி மன்னன் கையிலும் கற்பிட்டி ஒல்லாந்தர் கையிலும் இருந்த நிலை ஏறத்தாழ நூறாண்டுகள் நீடித்தது. துறை மன்னனுடையது, துறைக்கு வரும் வழி பிறருடையது. உறவு இனித்தபோது வழி திறந்தது, கசந்தபோது மூடியது. மன்னனின் ஆட்கள் தங்கள் பாக்கை இந்திய வணிகருக்கு நல்ல விலைக்கு விற்க விரும்புவார்கள். ஒல்லாந்தக் கும்பனியோ அதைத் தானே குறைந்த விலைக்கு வாங்கவேண்டும் என்று நினைக்கும். தோணி வராவிடில் பாக்குக் கரையிலே கிடந்து கெடும். துணி விலை மலையிலே ஏறும். போரில் இறந்தோரைக் கணக்கிட்டு எழுதியவர்கள் உண்டு. உப்பு விலை ஏறிய ஆண்டிலே மலைநாட்டுக் குடிசையில் என்ன உண்டார்கள் என்பதை எழுதிவைத்தவர் யார்?

1762ஆம் ஆண்டளவில் மூண்ட போர் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு முடிந்தது. அவ்வுடன்படிக்கையாற் கண்டி மன்னன் இலங்கையின் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. புத்தளமும் சிலாபமும் போயின. முன்னேசுவரத்தைப் புதுப்பித்தவனும் இந்த ஒப்பந்தத்துக்கு இணங்கியவனும் ஒரே மன்னன்தான். இடையிற் கழிந்தவை பதின்மூன்று ஆண்டுகள். கரை போனபோதும் ஒன்றை மட்டும் கண்டியார் விடாமல் கேட்டுப் பெற்றார்கள். அது அக்கரையிலே தங்கள் குடிகள் தடையின்றி உப்பு எடுத்துச் செல்லும் உரிமை. நாட்டின் எல்லையே சுருங்கும் வேளையிலும் ஓர் அரசு உப்புக்காக வாதாடியிருக்கிறது என்பதைக் கற்பிட்டி மதிலருகே நின்று நினைக்கும்போது, புத்தகத்தில் வாசிக்கும்போது தோன்றாத ஒரு கனம் அச்செய்திக்கு உண்டாகிறது. 1795ஆம் ஆண்டிலே கோட்டை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. 1815இற் கண்டியும் அவர்கள் வசமாயிற்று. மலையும் கரையும் ஒருவர் கைக்கு வந்தபின் பூட்டுக்கு வேலையில்லை.

காவலுக்காகக் கொண்டுவரப்பட்ட மனிதர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இம்மாவட்டத்தில் வாழ்கிறார்கள். ஐரோப்பியர் ஆபிரிக்காவிலிருந்து போர்வீரராகக் கொணர்ந்தவர்களின் மரபினர் புத்தளத்தை அடுத்த சிரம்பையடி என்னும் ஊரில் இருக்கின்றனர். கைதட்டியும் பானை, கரண்டி முதலியவற்றைத் தட்டியும் அவர்கள் பாடும் மாஞ்சாப் பாடல்கள் கேட்கத்தக்கவை. கோட்டை சிதைந்தது; காவல் நின்றவர்களின் தாளம் சிதையவில்லை.

கோட்டையை விட்டு வெளியே வந்தால் ஊரிலே புனித பேதுரு தேவாலயம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தது, அக்காலத்துக் கல்லறைக் கற்களை அங்கே காணலாம். தமிழ் நேயருக்கு உவப்பான செய்தி வேறொன்றுளது. 1807ஆம் ஆண்டில் இக்கற்பிட்டியிலே பிறந்தவர்தாம் சைமன் காசிச்செட்டி. இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் குடிகளையும் அகரவரிசையிலே தொகுத்து, 1834இல் ஆங்கிலத்தில் ‘சிலோன் கசற்றியர்’ என்னும் நூலை அவர் வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தேழு. 1859இல் வெளிவந்த ‘தமிழ் புளூராக்’ தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டித் தந்தது. சட்டநிரூபண சபையிலும் இருந்தார். சிலாபத்தில் நீதிபதியாகவும் பணியாற்றினார். பல மொழியினரும் பல தேசத்தவரும் வந்துபோன ஒரு சிறு துறையிலே வளர்ந்த பிள்ளைக்கு, யார் எங்கிருந்து வந்தார், எந்த ஊர் எங்கே உள்ளது என்று கேட்டெழுதும் ஆசை உண்டானதில் வியப்பில்லை.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றையும் இக்கரையிற் பேசாமல் விடமுடியாது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையிலே வந்து இறங்கினார்கள். ஒருகாலத்தில் வடக்கிலிருந்து வரும் படகைத் தடுப்பதற்காகவே காவலிருந்த அதே நீர்வழியால், கையில் ஒரு பையும் இடுப்பில் ஒரு குழந்தையுமாக அவர்கள் வந்தார்கள். கரையிலிருந்தவர்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் தெங்குத் தோட்டங்களையும் திறந்துவிட்டார்கள். சில நாட்களுக்கு என்று வந்தவர்களிற் பலர் ஒரு தலைமுறைக்கு மேலாக அங்கேயே வாழ்ந்துவிட்டார்கள். கற்பிட்டி வீதியில் உள்ள குடியிருப்புகள் சிலவற்றின் பெயரை விசாரிப்பவர்க்கு அந்த வரலாற்றை அங்குள்ளவர்களே சொல்லுவார்கள்.

களப்புக்கும் துன்பம் நேர்ந்ததுண்டு. 1980களில் இக்கரையெங்கும் இறால் வளர்ப்புக் குளங்கள் பெருகின. அவற்றுக்காகக் கண்டற் காடுகள் வெட்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவி இறால்கள் மடிந்தன. குளங்கள் பல கைவிடப்பட்டன. குளம் போயினும் கண்டல் தானே திரும்பி வராது. கலா ஓயாவின் முகத்தில், கங்கைவாடிப் பக்கத்தில் எஞ்சி உயர்ந்து நிற்கும் கண்டற் காட்டை இன்னொரு நாளிற் படகிலே சென்று பார்த்தால், போனது எத்தகையது என்பது விளங்கும்.

மாலையில் கற்பிட்டித் துறையில் சிறிது நேரம் இருந்துவிட்டுத் திரும்பலாம். மீன்பிடி வள்ளங்கள் கொத்தளத்தின் கீழாகவே போய்வருகின்றன. திரும்பும் வழியிற் பாலாவிச் சந்தியை அடையும்போது பொழுது சாயும். மழையற்ற மாதமாயின் வாரும் வேலை அப்போதும் நடந்துகொண்டிருக்கும்; கிடுகு வேய்ந்த உப்புக் குவியல்களுக்கு அப்பால், கண்டியை நோக்கிய பழைய பாதை கிழக்கே குருநாகற் பக்கமாகச் செல்கிறது.